டெபிட் கார்டா, கிரெடிட் கார்டா: தென்னாப்பிரிக்காவில் போன பணம் திரும்பும் வழி

"பெரிய தொகையா? கிரெடிட் கார்டில் கட்டு, சட்டம் காப்பாற்றும்." டர்பனில் இந்த அறிவுரையைக் கேட்காதவர் குறைவு. இது பெரும்பாலும் இணையத்தில் படித்தது. படித்த கட்டுரையோ பிரிட்டனுக்கோ அமெரிக்காவுக்கோ எழுதப்பட்டது. பிரிட்டனின் 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தில் 75ஆம் பிரிவு என்று ஒன்று உண்டு. 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்டு வரை விலையுள்ள பொருளைக் கிரெடிட் கார்டில் வாங்கினால், கடைக்காரர் செய்த தவறுக்கு வங்கியும் சேர்ந்தே பொறுப்பு. அமெரிக்காவில் திருட்டுப்போன கிரெடிட் கார்டுக்கு உரிமையாளரின் பொறுப்பு அதிகபட்சம் 50 டாலர். டெபிட் கார்டு தொலைந்தால் இரண்டு வேலைநாளுக்குள் சொல்பவருக்கு 50 டாலர், தாமதித்தவருக்கு 500 டாலர், அதற்கும் மேல் அசட்டையாக இருந்தவருக்கு வரம்பே இல்லை.

தென்னாப்பிரிக்காவில் இப்படிப்பட்ட சட்டம் எதுவும் இல்லை. இங்கே கடைக்காரரிடமிருந்து பணத்தைத் திரும்பப் பெறுகிற முக்கியமான வழி சார்ஜ்பேக், அதாவது கார்டில் கட்டிய பணத்தை உங்கள் வங்கி மூலம் திரும்பக் கேட்பது. அதன் விதிகளை எழுதியவை விசா, மாஸ்டர்கார்டு நிறுவனங்கள். அவை டெபிட் கார்டுக்கும் கிரெடிட் கார்டுக்கும் ஏறக்குறைய ஒன்றே. ஆகவே டர்பனின் சாட்ஸ்வொர்த்திலோ பீனிக்ஸிலோ இருப்பவர் முதலில் பார்க்க வேண்டியவை வேறு: வழக்கு நடக்கும் மாதங்களில் யாருடைய பணம் மாட்டிக்கொண்டிருக்கிறது, அந்தப் பரிவர்த்தனைக்கு யார் எப்படி ஒப்புதல் கொடுத்தார், புகாரை எந்தப் பெயரில் கொடுக்கிறோம்.

கிரெடிட் கார்டுக்கு மட்டும் சட்டம் தருவது

கொஞ்சம் தருகிறது, அதை மறைக்க வேண்டாம். கிரெடிட் கார்டு ஒரு கடன் வசதி என்பதால் 2005ஆம் ஆண்டின் 34ஆம் எண் தேசியக் கடன் சட்டத்தின் கீழ் வருகிறது. நம் பணத்தையே நாம் எடுக்கும் டெபிட் கார்டு அதன் கீழ் வராது.

அந்தச் சட்டத்தின் 94ஆம் பிரிவு தொலைந்த கார்டைப் பற்றியது. கார்டோ பின் எண்ணோ தொலைந்தது அல்லது திருடுபோனது என்று அறிவித்த நேரத்துக்குப் பிறகு நடந்த செலவை வங்கி உங்கள் தலையில் கட்டக் கூடாது. விற்பனைச் சீட்டில் உங்கள் கையெழுத்து இருந்தாலோ, செலவு செய்தது நீங்கள்தான் என்று காட்டப் போதுமான வேறு சான்று வங்கியிடம் இருந்தாலோ மட்டுமே விலக்கு. அறிவிப்பதற்கு முன்னால் போன பணத்தைப் பற்றி இந்தப் பிரிவு பேசவில்லை. ஆகவே கார்டைக் காணோம் என்றவுடன் வீடு முழுக்கத் தேடிவிட்டுச் சொல்லலாம் என்று நினைக்க வேண்டாம். செயலியில் முதலில் நிறுத்திவிட்டுத் தேடுங்கள். தற்காலிகமாக நிறுத்தும் வசதி பெரும்பாலான வங்கிச் செயலிகளில் உண்டு. ஆனால் தற்காலிக நிறுத்தம் வேறு, தொலைந்ததாக அறிவிப்பது வேறு. கார்டு கிடைக்காவிட்டால் வங்கியை அழைத்து அறிவித்துப் புகார் எண்ணை வாங்குங்கள். அழைத்த நேரத்தையும் குறித்து வையுங்கள். பின்னால் வாதம் நடப்பது அந்த நிமிடக் கணக்கில்தான்.

இரண்டாவது 111ஆம் பிரிவு. என் கருத்தில் அதிகம் பயன்படக்கூடியது இதுவே, ஆனால் பயன்படுத்துவோர் மிகக் குறைவு. கிரெடிட் கார்டு ஸ்டேட்மென்டில் உள்ள எந்தப் பதிவையும் எழுத்துமூலம் மறுக்கலாம். வங்கி அந்தப் பதிவை நியாயமான விவரத்தோடு எழுத்தில் விளக்க வேண்டும், அல்லது தவறு என்று ஏற்றுத் திருத்தித் தர வேண்டும். அதைச் செய்யும்வரை, மறுத்த அந்தத் தொகை கட்டப்படவில்லை என்பதைக் காட்டி வசூல் நடவடிக்கை தொடங்க முடியாது. தொலைபேசியில் சொன்னது போதாது. மின்னஞ்சலில் தேதி, தொகை, கடையின் பெயர் மூன்றையும் எழுதி, "தேசியக் கடன் சட்டம் 111ஆம் பிரிவின்படி இந்தப் பதிவை மறுக்கிறேன்" என்ற வரியையும் சேர்க்க வேண்டும். மறுக்காத மீதித் தொகையை வழக்கமான தேதியில் கட்டிவிடுங்கள். முழு ஸ்டேட்மென்டையும் கட்டாமல் விட்டால் மறுக்காத பகுதியில் நீங்கள் தவணை தவறியவர் ஆவீர்கள்.

டெபிட் கார்டுக்காரருக்கு இந்த இரண்டு பிரிவும் கிடையாது. அவருக்கு இருப்பது வங்கியோடு செய்த ஒப்பந்தமும், வங்கிகளுக்காக நிதி நடத்தை ஆணையம் 2020இல் கொண்டுவந்த 3ஆம் எண் நடத்தைத் தரமும். புகாரை நியாயமாக விசாரிக்க வங்கியிடம் ஒரு முறை இருக்க வேண்டும் என்பது வரை அவை உதவும்.

எந்தக் கார்டானாலும் கடைக்காரர் மீது உள்ள உரிமைகள்

2002ஆம் ஆண்டின் மின்னணுத் தொடர்பு, பரிவர்த்தனைச் சட்டம் பணம் எதிலிருந்து வந்தது என்று கேட்பதில்லை. இணையத்தில் வாங்கிய பொருளை, கைக்கு வந்த ஏழு நாளுக்குள் காரணம் சொல்லாமல் திருப்பலாம் என்கிறது 44ஆம் பிரிவு. திருப்பி அனுப்பும் செலவு மட்டும் நம்முடையது. ரத்து செய்த 30 நாளுக்குள் முழுப் பணமும் வர வேண்டும். குறிப்பிட்ட தேதிக்குப் பதிந்த விடுதி அறை, பயணச்சீட்டு, நம் அளவுக்குத் தைத்த துணி, அன்றாட உணவுப்பொருள், உறை பிரித்த மென்பொருள் போன்றவற்றுக்கு இது பொருந்தாது. 46ஆம் பிரிவின்படி, வேறு தேதி பேசியிருந்தால் ஒழிய, ஆர்டர் 30 நாளுக்குள் நிறைவேற வேண்டும். இல்லையென்றால் ஏழு நாள் எழுத்து அறிவிப்புக் கொடுத்து ரத்து செய்யலாம். 43ஆம் பிரிவு இன்னும் சுவையானது: போதிய பாதுகாப்பில்லாத கட்டண முறையைக் கடை வைத்திருந்து அதனால் உங்களுக்கு இழப்பு வந்தால், அந்த இழப்புக்குக் கடையே பொறுப்பு.

2008ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் கடைக்குப் போய் வாங்கியதையும் காக்கிறது. பழுதுள்ள பொருளுக்கு ஆறு மாதம் வரை பழுதுபார்ப்பு, மாற்று, பணம் ஆகிய மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் உரிமை வாங்கியவருடையது, கடைக்காரருடையது அல்ல. "பணம் திரும்பத் தரப்படாது" என்று கல்லாவுக்கு மேல் ஒட்டிய அட்டை, பழுதான பொருளின் விஷயத்தில் வெறும் அட்டைதான். ஆனால் கடையில் பார்த்து வாங்கியது வீட்டுக்கு வந்தபின் பிடிக்கவில்லை என்றால் எந்தச் சட்டமும் உதவாது.

இந்த உரிமைகளைக் கடைக்காரர் மதிக்காதபோது நீதிமன்றத்துக்குப் போகாமல் பணத்தை இழுத்துவரும் கயிறுதான் சார்ஜ்பேக்.

சார்ஜ்பேக் எப்படி ஓடுகிறது

உங்களுக்குக் கார்டு கொடுத்த வங்கி ஒரு பக்கம், கடைக்காரரின் கணக்கு இருக்கும் வங்கி இன்னொரு பக்கம், நடுவில் விசா அல்லது மாஸ்டர்கார்டு. நீங்கள் புகார் கொடுத்ததும் உங்கள் வங்கி அதற்கு ஒரு காரண எண் இட்டு மறுபக்க வங்கியிடம் பணத்தைக் கேட்கும். விசாவில் 13.1 என்றால் பொருளோ சேவையோ வரவில்லை, 13.3 என்றால் சொன்னபடி இல்லை, 13.6 என்றால் தருவதாகச் சொன்ன பணம் திரும்பவில்லை, 10.4 என்றால் கார்டு நேரில் இல்லாமல் நடந்த மோசடி. மாஸ்டர்கார்டில் வாடிக்கையாளர் தகராறுகள் பெரும்பாலும் 4853 என்ற ஒரே எண்ணுக்குள் வரும், மோசடி 4837.

காலக்கெடு பொதுவாக 120 நாள். பொருள் வரவில்லை என்ற புகாரில் இந்தக் கணக்கு பணம் கட்டிய நாளிலிருந்து ஓடாமல், பொருள் வந்திருக்க வேண்டிய நாளிலிருந்து ஓடும். விசாவில் எப்படிப் பார்த்தாலும் பரிவர்த்தனை நடந்து 540 நாளைத் தாண்டக் கூடாது. தைப்பூசத்துக்குச் சென்னை போக ஆறு மாதம் முன்பே பணம் கட்டியவரும் பயண நாளை வைத்துப் புகார் கொடுக்க முடிவது இதனால்தான். ஆனால் இவை வங்கிகளுக்கு இடையிலான கெடு. உங்கள் வங்கி ஒப்பந்தத்தில் இதைவிடக் குறுகிய கெடு இருக்கலாம். ஸ்டேட்மென்ட் வந்த 30 நாளுக்குள் சொல்லிவிடுவது நல்லது.

இனி அதிகமானோர் கோட்டைவிடும் இடம். பொருள் வரவில்லை, கடை தொலைபேசியை எடுப்பதில்லை. வங்கியை அழைத்து, "மோசடி நடந்துவிட்டது" என்கிறார்கள். அவர்கள் பார்வையில் அது மோசடிதான். எதிர்முனையில் இருப்பவரோ அதை மோசடிப் பிரிவுக்கு அனுப்புகிறார். அந்தப் பிரிவு கேட்கும் கேள்வி ஒன்றே: இந்தப் பரிவர்த்தனையைச் செய்தது கார்டுக்காரரா, வேறு யாரோவா? பதிவைப் பார்த்தால் உங்கள் கைபேசிக்குப் போன ஓடிபி சரியாக இடப்பட்டிருக்கிறது. "நீங்களே ஒப்புதல் கொடுத்திருக்கிறீர்கள், புகார் நிராகரிக்கப்படுகிறது" என்று கடிதம் வரும். கார்டையும் ரத்து செய்திருப்பார்கள். அதே விஷயத்தை "நான்தான் வாங்கினேன், பணத்துக்கு நானே ஒப்புதல் கொடுத்தேன், பொருள் வரவில்லை" என்று சொல்லியிருந்தால் 13.1இல் போயிருக்கும். அங்கே ஓடிபி ஒரு பொருட்டே அல்ல; பொருளைச் சேர்த்ததற்கான சான்றைக் காட்ட வேண்டியது கடைக்காரர்.

தென்னாப்பிரிக்க இணையக் கடைகளில் 2014 முதல் ஓடிபி போன்ற இந்த இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு கட்டாயமானது. அதன் பின்விளைவு பலருக்குத் தெரியாது: சரிபார்ப்பு நடந்த பரிவர்த்தனையில், மோசடி என்று வரும் வழக்கின் சுமை கடைக்காரரிடமிருந்து கார்டு கொடுத்த வங்கிக்கு மாறுகிறது. அந்த வங்கிக்கு எதிரே இருப்பது நீங்கள் மட்டும்தான். கவனமின்மை உங்களுடையது என்று காட்டினால் சுமை உங்களிடம் இறங்கிவிடும். வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லி, "ஒரு மோசடியை நிறுத்துகிறோம், செயலியில் ஒப்புதல் அழுத்துங்கள்" என்கிற ஆளிடம் ஏமாந்தவரின் வழக்கு கடினமாவது இங்கேதான். கிரெடிட் கார்டானாலும் டெபிட் கார்டானாலும் கடினம் ஒன்றுதான். பின் எண் இட்டு ஏடிஎம்மில் எடுத்த பணமும் இதே வகை.

புகாருக்கு வேண்டியவை: ஆர்டர் உறுதி மின்னஞ்சல், விலைச்சீட்டு, விற்பனைப் பக்கத்தில் பொருள் விவரமும் சேரும் நாளும் தெரியும் படம், கடைக்கு நீங்கள் எழுதியதும் பதிலும், திருப்பி அனுப்பியிருந்தால் கூரியர் ரசீது. முதலில் கடையிடம் கேட்டதற்கான சான்று இல்லாமல் போனால் வங்கி திருப்பி அனுப்பும். ஏழு நாள் உரிமையைப் பயன்படுத்துவோர் எழுத்தில் ரத்து செய்து, கடை ஏற்றுக்கொண்ட பதிலை வாங்கி, 30 நாளில் பணம் வராவிட்டால் "தருவதாகச் சொன்ன பணம் வரவில்லை" என்று போகலாம். வெறுமனே "பிடிக்கவில்லை" என்று போனால் அதற்குக் காரண எண்ணே கிடையாது.

கடைக்காரர் மறுத்துச் சான்று தரலாம். அதற்கு அவருக்குச் சில வாரங்கள் உண்டு. இடையில் உங்கள் வங்கி தற்காலிகமாகப் பணத்தைக் கணக்கில் போட்டிருந்தால் அதைச் செலவழித்துவிடாதீர்கள். தோற்றால் முன்னறிவிப்பு அதிகமின்றித் திரும்ப எடுத்துக்கொள்வார்கள், அதுவும் டெபிட் கணக்கு என்றால் வீட்டுக்கடன் தவணை போகும் நாளாகப் பார்த்து நடக்கும்.

மாட்டிக்கொள்ளும் பணம் யாருடையது

இரண்டு கார்டுக்கும் உண்மையான வித்தியாசம் இங்கேதான் தெரிகிறது. கிரெடிட் கார்டில் 12,000 ரேண்டு தவறாகப் போனால் வங்கியின் பணம் போயிருக்கிறது. நீங்கள் எழுதி மறுத்துவிட்டு, மாதச் சம்பளத்தில் வழக்கம்போல் குடும்பம் நடத்தலாம். டெபிட் கார்டில் அதே தொகை போனால் சம்பளக் கணக்கு காலி. மறுநாள் காப்பீடு, கார் தவணை, பள்ளிக் கட்டணம் என்று வரிசையாக, கணக்கிலிருந்து தானாகக் கழியும் டெபிட் ஆர்டர்கள் வந்து ஒவ்வொன்றாகத் திரும்பும். ஒவ்வொன்றுக்கும் அபராதக் கட்டணம். காப்பீட்டுத் தவணை விட்டுப்போன வாரத்தில் கார் மோதினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. பின்னால் சார்ஜ்பேக் வென்றாலும் 12,000 திரும்புமே தவிர, இந்தச் சில்லறை இழப்புகளை அந்த முறை ஈடுசெய்யாது.

கிரெடிட் கார்டு எடுக்க வருமானமோ மனமோ இல்லாதவர்களுக்கும் வழி உண்டு. சம்பளமோ முதியோர் உதவித்தொகையோ வரும் கணக்கின் கார்டை இணையக் கடைகளில் இடாமல், கட்டணம் குறைந்த இரண்டாவது கணக்கு ஒன்றைத் திறந்து, வாங்கும் அன்று மட்டும் அந்தத் தொகையை அதில் மாற்றலாம். செயலியில் மெய்நிகர் கார்டு தரும் வங்கிகள் இங்கே பல. இணையக் கட்டணத்துக்கு அதுவே நல்லது. இணைய வரம்பையும் ஏடிஎம் வரம்பையும் செயலியில் குறைத்து வையுங்கள். ஏடிஎம்மில் உதவ வருகிறேன் என்று கார்டை மாற்றிவிடுகிற ஆள், ஒரு நாளில் ஏடிஎம்மிலிருந்து எடுக்க முடிவது அந்த வரம்பு வரைதான்.

கிரெடிட் கார்டிலும் ஒரு சொதப்பல் உண்டு. சிலர் பயணத்துக்கு முன் கார்டுக்குள் சொந்தப் பணத்தைக் கூடுதலாகப் போட்டு வைக்கிறார்கள். அப்போது முதலில் போவது உங்கள் பணம்தான். வங்கியின் பணம் மாட்டிக்கொள்ளட்டும் என்ற அனுகூலம் போய்விடுகிறது.

கிரெடிட் கார்டின் பாதுகாப்பு இலவசமும் அல்ல. முழுத் தொகையையும் கெடுவுக்குள் கட்டுபவருக்கே 55 நாள் வரை வட்டியில்லாக் காலம். குறைந்தபட்சத் தொகை மட்டும் கட்டினால் மத்திய வங்கியின் ரெப்போ விகிதத்துக்கு மேல் 14 சதவீதம் வரை வட்டி போட வங்கிக்குச் சட்டம் இடம் தருகிறது. கிரெடிட் கார்டில் ரொக்கம் எடுத்தால் பொதுவாக அன்றே வட்டி தொடங்கும். மாதாமாதம் பாக்கி வைப்பவருக்கு, எப்போதோ நடக்கப்போகும் ஒரு தகராறுக்காகக் கிரெடிட் கார்டு சிபாரிசு செய்ய எனக்கு மனம் வராது.

விடுதியும் வாடகைக் காரும் தனிக்கதை. அங்கே முன்பணமாக ஒரு தொகையை முடக்கி வைப்பார்கள். கிரெடிட் கார்டில் அது வரம்பைத்தான் குறைக்கும். டெபிட் கார்டில் உங்கள் பணமே பூட்டிக்கொள்ளும், காரைத் திருப்பிக் கொடுத்த பிறகும் சில நாள் விடுபடாது. வாடகைக் கார் நிறுவனங்கள் பல கிரெடிட் கார்டைத்தான் கேட்கின்றன; விமான நிலையக் கவுண்டரில் போய் நிற்பதற்கு முன் கேட்டுவிடுங்கள்.

கார்டே இல்லாத கட்டணங்கள்

ஈஎஃப்டி, 2023இல் வந்த பேஷாப், இணையக் கடைகளில் "இன்ஸ்டன்ட் ஈஎஃப்டி" என்று காட்டும் பொத்தான் எல்லாம் வங்கியிலிருந்து வங்கிக்குப் போகும் பணம். போனால் போனதுதான், சார்ஜ்பேக் என்ற பேச்சே இல்லை. "கார்டில் கட்டினால் 3 சதவீதம் கூடுதல், ஈஎஃப்டி செய்தால் தள்ளுபடி" என்கிற பயண ஏற்பாட்டாளரோ கல்யாண மண்டபக்காரரோ நேர்மையானவராகவே இருக்கலாம். ஆனால் அந்தத் தள்ளுபடிக்கு ஈடாக நீங்கள் கொடுப்பது இந்தப் பாதுகாப்பை என்பது தெரிந்து கொடுங்கள்.

குலுலா விமானங்களை இயக்கிய கொமெயர் 2022 மே 31 அன்று பறப்பதை நிறுத்தி, அடுத்த மாதமே கலைப்புக்குப் போனது. அப்படி ஒரு நிறுவனம் விழும்போது கார்டில் கட்டியவர், அது டெபிட் கார்டே ஆனாலும், "சேவை தரப்படவில்லை" என்று தன் வங்கியிடம் போகலாம். வங்கிக் கணக்கிலிருந்து நேராக அனுப்பியவர் பிணையில்லாமல் கடன் கொடுத்தவர்கள் வரிசையின் கடைசியில் நிற்கிறார். பணத்துக்குப் பதில் வவுச்சரை ஏற்றுக்கொண்டவரின் சார்ஜ்பேக் உரிமையும் பெரும்பாலும் அங்கேயே முடிகிறது. தள்ளாடும் நிறுவனம் வவுச்சர் நீட்டினால் வாங்குவதற்கு முன் யோசியுங்கள்.

சென்னைக் கடைகளில் தீபாவளிக்கும் கல்யாணத்துக்கும் பட்டுப்புடவை தருவிப்போருக்கும் இது பொருந்தும். நுகர்வோருக்கு மின்னணுச் சட்டம் தரும் பாதுகாப்பு, ஒப்பந்தம் எந்த நாட்டுச் சட்டத்துக்கு உட்பட்டதானாலும் செல்லும் என்று 47ஆம் பிரிவு சொல்கிறது. சொல்லிவிட்டுப் போகிறது, தி.நகர்க் கடையை டர்பன் நீதிமன்றத்துக்கு யார் அழைத்து வருவது? விசா, மாஸ்டர்கார்டு விதிகளோ நாட்டு எல்லையில் நிற்பதில்லை. வாட்ஸ்அப்பில் படம் பார்த்துத் தேர்ந்தெடுத்தாலும் கட்டணத்தைக் கார்டு இணைப்பு வழியாகக் கேளுங்கள், நிறமும் சரிகையின் தரமும் எழுத்தில் வரட்டும். "சொன்னபடி இல்லை" என்று பின்னால் நிறுவ அந்த எழுத்துதான் உதவும். பணம் திரும்பும்போது அன்றைய மாற்று விகிதத்தில் வரும் என்பதால் தொகை கூடலாம், குறையலாம். வெளிநாட்டுப் பரிவர்த்தனைக் கட்டணம் பொதுவாகத் திரும்பாது; சுங்கத்தில் கட்டிய வரி சார்ஜ்பேக்கில் சேராது.

மாதச் சந்தாவில் ஒரு குழப்பம். கார்டு எண் கொடுத்துத் தொடங்கிய சந்தா டெபிட் ஆர்டர் அல்ல. வங்கியில் போய் "டெபிட் ஆர்டரை நிறுத்து" என்றால் அவர்கள் பட்டியலில் அது இருக்காது. கணக்கு எண்ணில் ஓடும் சாதாரண டெபிட் ஆர்டரை 40 நாளுக்குள் மறுத்தால் பெரும்பாலும் உடனே திரும்பும். கார்டுச் சந்தாவை முதலில் நிறுவனத்திடம் எழுத்தில் ரத்து செய்ய வேண்டும். அதன்பின்னும் எடுத்தால் சார்ஜ்பேக். கார்டை மாற்றினால் நின்றுவிடும் என்று நம்பாதீர்கள்: புதிய கார்டு எண் வணிகருக்குத் தானாகப் போய்ச் சேரும் ஏற்பாடு உண்டு.

வங்கி மறுத்துவிட்டால்

முதலில் வங்கியின் உள் புகார்ப் பிரிவில் எழுதி, மறுப்புக்கான காரணத்தையும் அவர்கள் இட்ட காரண எண்ணையும் கேளுங்கள். தவறான வகையில் போட்டிருந்தால் 120 நாள் முடியும் முன் வகை மாற்றிப் போடச் சொல்லலாம். கேட்பவர் குறைவு, ஆனால் கேட்டால் நடக்கிறது. அதற்குப் பிறகு தேசிய நிதிக் குறைதீர் அமைப்பு. வாடிக்கையாளர் குறைகளை விசாரிக்கும் ஆம்பட் அமைப்புகளில் வங்கி ஆம்பட்டும் கடன் ஆம்பட்டும் இரண்டு காப்பீட்டு ஆம்பட்டுகளும் 2024 மார்ச் 1 அன்று இணைந்து உருவானது இது. கட்டணம் கிடையாது, வக்கீல் தேவையில்லை. வங்கியிடம் முதலில் போயிருக்க வேண்டும் என்பதே நிபந்தனை, அதனால் அந்த மறுப்புக் கடிதம் முக்கியம். குறை வங்கியின் மேல் இல்லாமல் கடையின் மேல் என்றால் இடம் வேறு: நுகர்வோர் பொருள், சேவை ஆம்பட். மேலே சொன்ன அமைப்புக்குக் கடையைப் பற்றி எழுதினால் அதிகார வரம்பில் இல்லை என்று பதில் வரும், அதற்குள் சார்ஜ்பேக் கெடு ஓடிப்போயிருக்கும்.